மூன்று முறை கழுவிய கீரை

2006 செப்டம்பரில் அமெரிக்காவில் ஈ.கோலை ஓ157 கிருமியைப் பரப்பிய பேபி ஸ்பினாச் என்ற இளம் பசலைக்கீரை, ஆலையில் மூன்று முறை கழுவி, அப்படியே சாப்பிடலாம் என்று பாக்கெட்டில் அடைத்து விற்றதுதான். 26 மாநிலங்களில் 199 பேருக்கு நோய். 31 பேருக்குச் சிறுநீரகம் பழுதாகும் எச்.யூ.எஸ். வந்தது, மூன்று பேர் இறந்தார்கள். கலிஃபோர்னியாவின் சான் பெனிட்டோ மாவட்டத்துப் பண்ணை ஒன்றில், மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றிக் கழிவிலும் ஆற்று நீரிலும் அதே கிருமி இருந்தது. 2018இல் அரிசோனாவின் யூமா பகுதி ரோமெய்ன் லெட்யூஸ் என்ற சாலட் கீரையால் 210 பேருக்கு நோய், ஐந்து சாவு. அங்கே கிருமி அகப்பட்டது பாசனக் கால்வாயில்.

கழுவியும் ஏன் போகவில்லை? தொட்டியில் குளோரின் கலப்பதே, ஓர் இலையின் கிருமி தண்ணீர் வழியாக மற்ற இலைகளுக்குத் தொற்றாமல் இருக்கத்தான். இலையில் ஏற்கெனவே ஒட்டியதை 90 முதல் 99 சதவீதம் குறைக்கும், அவ்வளவே. வெட்டுவாயிலும் இலைத்துளையிலும் புகுந்தது தப்பிவிடும். மண்ணும் இலைச்சாறும் குளோரினைத் தின்றுவிடும். அளவு பார்த்துச் சேர்க்காவிட்டால் தொட்டியே கிருமியைப் பங்கிட்டுக் கொடுக்கும். பல வயல்களின் இலை ஒரே தொட்டியில் விழுவதால் ஒரு வயலின் அழுக்கு ஆயிரக்கணக்கான பைகளுக்குப் போகிறது. இந்தக் கிருமி நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே நோய் வரும்.

ஆகவே, கழுவியது என்று போட்ட கீரையை வீட்டில் மறுபடி கழுவ வேண்டாம். கோழி கழுவிய சிங்கிலிருந்து புதிதாக ஏதாவது ஒட்டும், அதுதான் மிச்சம். உப்பு, மஞ்சள், வினிகர் கலந்த தண்ணீரையும் நம்ப முடியாது. சூடு ஒன்றுதான் கொல்லும்: இலை முழுவதும் 70 டிகிரியில் இரண்டு நிமிடம். சின்னக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வதக்கியே கொடுங்கள். ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குள் இருந்தால் ஈ.கோலை பெருகாது, ஆனால் சாகவும் சாகாது. உணவில் தொற்றும் இன்னொரு கிருமியான லிஸ்டீரியாவோ அந்தக் குளிரிலும் மெல்லப் பெருகும்.

சாப்பிட்டு மூன்று, நான்கு நாள் கழித்துக் கடும் வயிற்று வலி, ரத்தப்போக்குடன் பேதி, ஆனால் காய்ச்சல் அதிகமில்லை என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையோ, வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கோ வேண்டவே வேண்டாம், இரண்டும் எச்.யூ.எஸ். ஆபத்தைக் கூட்டக்கூடும். பேதி குறைந்த பிறகும் குழந்தைக்குச் சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, முகம் வெளுக்கிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

காலிப் பாக்கெட்டையும் எறிய வேண்டாம். 2006இல் நோயாளிகளின் வீட்டில் மிஞ்சியிருந்த பைகளின் தொகுதி எண்ணை வைத்துத்தான் அந்த வயல் வரை போக முடிந்தது.