எட்டுத் துளை, நாலு ஸ்க்ரூ

இன்று காலை மரம் கடையும் லேத்தில் சுழன்ற வேப்பங்கட்டை கழன்று, என் காதோரம் பறந்து சுவரில் மோதியது.

கட்டையை லேத்தோடு பிடித்து வைக்கும் வட்டத் தகடான பேஸ்பிளேட்டைப் பார்த்தேன். எட்டுத் துளை. நான் போட்டிருந்தது நாலே ஸ்க்ரூ. அதுவும் ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ. அது வளையாது, பட்டென்று ஒடியும். இரண்டு தலையில்லாமல் நின்றன.

பிளேட்டும் அலுமினியம்தான். கழற்றி மாட்டியே மரை தேய்ந்திருந்தது.

மாலையில் ஸ்டீல் பிளேட் வாங்கப் போனேன். "ஆறு இஞ்ச் எடுங்கண்ணே, பெருசுன்னா பலம்" என்றார் கடைக்காரத் தம்பி. பலம்தான். ஆனால் சின்னக் கிண்ணத்தின் அடியைக் கடையும்போது உளி அதில் இடிக்குமே! நாலு இஞ்ச் போதும்.

மரை சரி: 1 இஞ்ச், இஞ்சுக்கு 8 சுற்று. அப்புறம் பின்பக்கத்தை விரலால் தடவினேன். அந்த முகம், லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் தோளில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். துளி பிசிறு இருந்தாலும் பிளேட் ஆடும், கட்டையும் ஆடும்.

கிண்ணம் வீட்டுக்கு வந்தால் எல்லோரும் மரத்தின் ரேகையைத்தான் புகழ்வார்கள். கிண்ணத்தைப் பிடித்திருந்த இரும்பை யார் கேட்கிறார்கள்?

சுவரில் விழுந்த பள்ளத்தை மட்டும் பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.