நெல் தரிசு உளுந்துக்கு ரைசோபியம்: கஞ்சி முதல் முடிச்சு வரை

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி நெல் அறுப்புக்கு முன் உளுந்து தெளிப்பவர்கள் தயவுசெய்து ரைசோபிய விதை நேர்த்தியைத் தவிர்க்காதீர்கள். ரைசோபியம் என்பது உளுந்தின் வேர் முடிச்சுகளில் தங்கி, காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) செடிக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியா. அதை விதையில் பூசுவதுதான் இந்த நேர்த்தி. மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி நின்ற வயலில் இந்த பாக்டீரியா வெகுவாகக் குறைந்திருக்கும். போன வருடம் செய்தது இந்த வருடத்துக்குப் போதாது.

ஏக்கருக்கு 10 கிலோ விதை. அதற்கு 200 கிராம் ரைசோபியம் பாக்கெட் ஒன்று, மண்ணிலிருக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா ஒன்று. பாக்கெட்டில் பயிரின் பெயரைப் பாருங்கள். கொண்டைக்கடலைக்கான ரைசோபியம் உளுந்துக்கு உதவாது. காலாவதித் தேதியையும் பார்த்துவிட்டுக் கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளிருக்கும் கரித்தூளில் ஈரம் இருக்க வேண்டும். ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிரணு இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணை. வெயில் படும் கடை வாசலில் காய்ந்து புழுதியாகிப்போன பாக்கெட்டில் அது தேறாது.

உப்புப் போடாத அரிசிக் கஞ்சியை நன்றாக ஆறவிட்டு, பாக்கெட்டுக்கு 200 மில்லி கணக்கில் கரைத்து விதையோடு புரட்டுங்கள். சூடான கஞ்சி பாக்டீரியாவைக் கொன்றுவிடும். கஞ்சி அதிகமானாலோ அழுத்திப் பிசைந்தாலோ உளுந்தின் தோல் கழன்று முளைப்பு கெடும். நிழலில் 30 நிமிடம் உலர்த்தி 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை விதைக்குப் போடுவதாக இருந்தால் முந்தின நாளே போட்டுவிடுங்கள். ரைசோபியம் எப்போதும் கடைசியில்தான். அறுப்புக்கு 5 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, சாயங்காலம் தெளிப்பது நல்லது. நிற்கும் நெற்பயிரின் நிழலும் பாக்டீரியாவை வெயிலிலிருந்து காக்கும்.

பலரும் செய்யாத வேலை, 30ஆம் நாள் வேரைப் பார்ப்பது. செடியைப் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். கட்டியோடு தோண்டி வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். ஆணிவேரின் மேற்பகுதியில் முடிச்சுகள் திரண்டிருந்தால் நேர்த்தி பிடித்திருக்கிறது. ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு இருந்தால்தான் தழைச்சத்து சேர்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை. பயிர் வெளிறுகிறதே என்று யூரியாவை அள்ளி வீசினாலும் முடிச்சு குறையும்: மண்ணில் தாராளமாகத் தழைச்சத்து கிடைக்கும்போது செடி பாக்டீரியாவுக்குத் தீனி போடாது.

வேரைத் தாக்கும் நூற்புழுவால் வரும் முடிச்சைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அதில் வேரே வீங்கியிருக்கும், தேய்த்தாலும் போகாது. ரைசோபிய முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும்.