நத்தை குத்தி நாரையும் மச்சானின் கேமராவும்

முதலில் ஆட்டோக்காரரைத் திட்டி முடித்துவிடுகிறேன். அது மனசில் இருக்கும்வரை கேமராவைப் பற்றி ஒழுங்காக எழுத வராது.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு. இன்னும் விடியவில்லை. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் போய், ஒன்றரை மணி நேரம் நின்று, திரும்பக் கொண்டுவந்து விட எவ்வளவு என்று கேட்டேன். "அறுநூறு குடுங்க சார்." நான் ஐந்நூறு என்றேன். "ஏறுங்க சார், பாத்துக்கலாம்." இந்தப் 'பாத்துக்கலாம்' என்ற வார்த்தையை நம்பி வண்டியில் ஏறியவன் எவனும் உருப்பட்டதில்லை. திரும்பி வந்து இறங்கினால் 900 கேட்கிறார். வெயிட்டிங்குக்கு 200, விடிகாலையில் வந்ததற்கு 100, கண்மாய்க் கரைவரை உள்ளே வந்ததற்கு 100. கரைக்குப் போகாமல் வேறு எங்கே போய்ப் பறவை பார்ப்பது? அது மெயின் ரோட்டில் வந்து நிற்குமா? பத்து நிமிடம் சண்டை போட்டு 800 கொடுத்தேன். காரைக்குடியில் நான் தங்கியிருந்த லாட்ஜுக்கு ஒரு நாள் வாடகையே 900தான்.

சரி, ஆறிவிட்டது.

இந்தப் பயணமே ஒரு கேமரா வாங்கலாமா என்ற யோசனையில் கிளம்பியது. என் மனைவியின் அண்ணன் பெரிதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கிவிட்டார். அவருடைய பழைய சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 பீரோவில் சும்மா கிடக்கிறது. 2014இல் வந்த மாடல். "வெளியில குடுத்தா முப்பதாயிரம் போகும், உங்களுக்கு இருபத்தெட்டு, மாப்ளே" என்றார். மச்சானிடம் எப்படிப் பேரம் பேசுவது? குறைத்துக் கேட்டால் மனைவி முறைக்கிறாள். கேட்காவிட்டால் என் மணிபர்ஸ் முறைக்கிறது.

அதே வாரம், தெரிந்த செகண்ட் ஹேண்ட் கடையில் ஒரு கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 வந்திருந்தது. 2018 மாடல், விலை 25,000. பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டினால் நாலு நாள் வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் ஆயிரம் ரூபாயை வாடகையாகக் கழித்துக்கொள்வேன் என்றார் கடைக்காரர். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு, பொங்கல் முடிந்த வாரம் எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டேன்.

செலவு, வழி, ஒப்பீடு என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆட்டோவிலேயே வரிசை போய்விட்டது. மன்னிக்கவும்.

எடையில் இரண்டும் அண்ணன் தம்பி. சோனி 290 கிராம், கேனான் 299. இரண்டிலும் 20 மெகாபிக்சல். இரண்டிலும் தொடுதிரை கிடையாது. என் மகள் படத்தைப் பெரிதாக்க இரண்டு திரையையும் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்து, "ரெண்டுமே ரிப்பேர்ப்பா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வித்தியாசமெல்லாம் உள்ளே இருக்கிறது. சோனியில் படத்தைப் பதியும் சில்லை ஒரு இஞ்ச் சென்சார் என்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் அகலம் 13.2 மி.மீ., அரை இஞ்ச்தான்! பழைய வீடியோ டியூப் காலத்துக் கணக்காம். வீட்டு புரோக்கர் சொல்லும் பத்துக்குப் பத்து ரூம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் கேனான் சென்சாரைவிடப் பரப்பில் நாலு மடங்கு பெரியது. கேனானின் பலம் ஜூம். 24 மி.மீ.யில் ஆரம்பித்து 960 மி.மீ. வரை, 40 மடங்கு. இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டத்தில் வரும். சோனி 70இல் நின்றுவிடும். ஒன்று இருட்டுக்கு, ஒன்று தூரத்துக்கு. எனக்கு இரண்டும் வேண்டும், முப்பதாயிரத்துக்குள் வேண்டும்.

அதனால்தான் செட்டிநாடு. பட்டப்பகலிலும் உள்ளே மங்கலாக இருக்கும் வீடுகள் ஒரு பக்கம், கண்மாய் நடுவில் மரத்தில் உட்கார்ந்திருக்கும் நாரைகள் இன்னொரு பக்கம்.

முதல் நாள் ஆத்தங்குடி. காரைக்குடியிலிருந்து டவுன் பஸ். பஸ்ஸைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, உட்கார இடம் கிடைத்தது. தரைக்கல் செய்யும் ஒரு பட்டறைக்குள் எட்டிப் பார்த்து, "அய்யா, படம் எடுத்துக்கலாங்களா?" என்றேன். "எடுங்க தம்பி, கல்லு மேல மட்டும் கால் வச்சிராதீங்க" என்றார் உள்ளே இருந்த பெரியவர்.

கீழே சதுரமாக ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகட்டு அச்சு. குழம்பு பதத்தில் கரைத்த கலர் சிமெண்டைச் சின்னக் கரண்டியில் மொண்டு, இதழுக்குச் சிவப்பு, சுற்றிலும் மஞ்சள் என்று ஊற்றினார். ஒரு சொட்டு கோடு தாண்டவில்லை. அச்சை மெல்ல மேலே தூக்கினார். கலர் கலங்காமல் அப்படியே நின்றது. அதன்மேல் காய்ந்த மணலும் சிமெண்டும் கலந்த தூள், அதற்கும் மேல் ஈரக் கலவை. கரணையால் சமப்படுத்தி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துவிட்டார். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, கண்ணாடி கழன்று வரும்போது கல்லின் முகமும் கண்ணாடி மாதிரியே வழவழவென்று இருக்கும். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. ஒரு மணி நேரம் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். ஆத்தங்குடிக்குப் போகிறவர்கள் பெரிய வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

கொட்டகைக்கு வெளிச்சம் வாசல் வழியாக மட்டும். பெரியவரின் கையோ நிற்காது. கை ஆடியதாகத் தெரியாமல் எடுக்க நொடியில் அறுபதில் ஒரு பங்காவது வேகம் வேண்டும். சோனியின் லென்ஸ் எஃப் 1.8 வரை திறப்பதால் (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்) ஐஎஸ்ஓ 800இல் வேலை முடிந்தது. ஐஎஸ்ஓ என்பது வெளிச்சம் போதாதபோது கேமரா படத்தைப் பிரகாசமாக்கும் அளவு, அது ஏற ஏறப் படம் கெடும். கேனான் அகலமான கோணத்திலேயே எஃப் 3.3தான். அதே வேகத்துக்கு ஐஎஸ்ஓ 3200 போக வேண்டியிருந்தது. ராத்திரி இரண்டு படத்தையும் லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சோனி படத்தில் பெரியவரின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சிவப்புக்கூடத் தெரிந்தது. கேனான் படத்தில் விரல்கள் மெழுகில் செய்து வைத்த மாதிரி இருந்தன. கரண்டியிலிருந்து விழும் கலர் வெறும் கறையாகத் தெரிந்தது. சோனியில் ரா ஃபைலாகவும், அதாவது கேமரா சுருக்காத மூலப் படமாகவும், எடுத்துக்கொண்டு பிறகு திருத்தலாம். கேனானில் அந்த வசதியும் இல்லை.

பெரிய வீட்டிலும் இதே கதைதான். பர்மா தேக்குத் தூண், விட்டத்தில் வண்ண ஓவியம், தரையில் நான் சற்றுமுன் பார்த்த அதே பூ. கேனானைப் பைக்குள் போட்டுவிட்டு, பெரும்பாலும் சோனியிலேயே எடுத்தேன்.

மச்சான் சாயங்காலமே போன் செய்துவிட்டார். "எப்படி மாப்ளே, நம்ம ஆளு?" நல்லா இருக்கு என்றால் விலை உறுதியாகிவிடும். "இன்னும் பாக்கணும் மச்சான்" என்று சமாளித்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டைச் சொல்லாமல் நகர முடியாது. லாட்ஜுக்குப் பின் தெருவில் ஓர் ஆச்சி வீட்டுத் திண்ணையிலேயே பலகாரம் போடுகிறார். வெள்ளைப் பணியாரம், கூடவே மிளகாய்ச் சட்னி. ஓரம் முறுமுறுவென்று, நடுவில் பஞ்சு. நாலு கேட்டேன், ஆறு வைத்தார். "வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது, சாப்புடுங்க" என்று அதட்டல் வேறு. அப்புறம் கவுனி அரிசி, கருஞ்சிவப்பில், தேங்காய்த் துருவலோடு. மொத்தம் 110 ரூபாய். சென்னையில் இதே கவுனி அரிசியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி வைத்து 180 வாங்குகிறார்கள். இங்கேதான் சோனியின் உடம்பில் பிடிமானமே இல்லை என்பது எனக்கு உறைத்தது. முன்பக்கம் ரப்பர், மேடு எதுவும் இல்லை. எண்ணெய்க் கையோடு எடுத்தேன், நழுவியது. மடியில் விழுந்ததால் தப்பித்தது. மச்சானிடம் சொல்லவில்லை.

மறுநாள் வேட்டங்குடி. கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்தான் அங்கே விசேஷம். மழைக்காலத்துத் தண்ணீர் இன்னும் நின்றது. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கொக்கு. மரம் பச்சையாக இல்லை, எச்சத்தில் வெளுத்துக் கிடந்தது. சத்தம் சந்தைக்கடை.

சோனியை எடுத்து முழு ஜூமில் ஒரு நாரையை எடுத்தேன். லேப்டாப்பில் வெட்டிப் பார்த்தபோது அந்த நாரை இருநூறு பிக்சல்கூடத் தேறவில்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான். பையில் வைத்துவிட்டுக் கேனானை எடுத்தேன்.

இப்போது கேனானின் முறை. 960 மி.மீ.யில் நாரை முழுத் திரைக்கும் வந்து நின்றது. மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல், பாக்குவெட்டி மாதிரி ஓர் இடைவெளி. அதன் வழியாகப் பின்னால் இருந்த இலை தெரிந்தது! கை ஆடாமல் இருக்கக் கரையில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். அவ்வளவு தூர ஜூமில் பறவை கொஞ்சம் நகர்ந்தாலும் எங்கே போனது என்று தெரியாது. அதற்கென்றே ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அமுக்கினால் லென்ஸ் பின்வாங்கி அகலமாகக் காட்டுகிறது, பறவையைக் கண்டுபிடித்ததும் விட்டால் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. அருமையான யோசனை, பத்து முறையாவது கைகொடுத்தது. கூட்டம் ஒன்று எழும்பிப் பறந்ததை 4கே வீடியோவாகவும் எடுத்தேன். சோனி மார்க் 3இல் 4கே கிடையாது.

வெயில் ஏறியதும் வேறு தொல்லை. கேனானில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இல்லை, திரையில் என் முகம்தான் தெரிந்தது. தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு எடுத்தேன். சோனியில் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஓரத்துத் தாழைத் தட்டினால் மேலே எழும்பும், பின்பக்கம் இழுத்துக் கண்ணை வைக்கலாம். திரும்ப உள்ளே அமுக்கினால் கேமராவே அணைந்துவிடும், அது மகா எரிச்சல். ஆனால் வெயிலில் அது தெய்வம். தூரம் போகிற கேமராவில் கண் இல்லை, கண் இருக்கிற கேமரா தூரம் போகாது.

கரையோர டீக்கடையில் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது பெருசு சார். குஞ்சுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும்" என்றார். அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று பேப்பரில் வருஷா வருஷம் படித்திருக்கிறேன். அதைக் கேட்டேன். "எங்க அப்பா காலத்துலயே வெடி கெடையாது. பறவை இல்லாம நாங்க இந்தக் கரையில என்னத்தப் பாக்குறது?" என்றவர் டீக்கு 12 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம்தான் அந்த ஆட்டோ.

திரும்பும் ரயிலில் உட்கார்ந்து எண்ணினேன். கேனானில் 412 படம், சோனியில் 287. கேனானில் வைத்துக்கொள்ளத் தோன்றியவை 14, எல்லாமே அந்த ஒன்றரை மணி நேரத்தில் எடுத்தவை. சோனியில் 53. பெரியவரின் கை, ஆச்சியின் அடுப்பு, வளவு என்ற நடு முற்றத்துக்குள் விழுந்த வெயில், ராத்திரி பஸ் ஸ்டாண்டு. நான் வருஷத்துக்கு எத்தனை நாள் பறவை பார்க்கிறேன்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எத்தனை நாள் வீட்டுக்குள்ளும் கோயிலிலும் கல்யாணத்திலும் இருக்கிறேன்? மற்ற எல்லா நாளும். பேட்டரியும் கணக்கில் வந்தது. கம்பெனிக் கணக்கில் சோனிக்கு 320 படம், கேனானுக்கு 265. மச்சானுடைய பேட்டரி பழசு என்பதால் 320 எல்லாம் வரவில்லை. ஆனால் போன் பவர் பேங்கிலேயே சார்ஜ் ஏறியதால் சமாளித்துவிட்டேன்.

மச்சானுக்குப் போன் போட்டேன். பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்று இழுத்தேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. "சரி மாப்ளே, இருபத்தாறரை. புது பேட்டரி நீங்களே வாங்கிக்கோங்க. தங்கச்சிகிட்ட விலையச் சொல்லாதீங்க." சொல்லவில்லை. அவள் இதைப் படிக்கப் போகிறாள் என்பது வேறு விஷயம். மூன்று நாள் பயணச் செலவு, ரயில், ஆட்டோ, ஆச்சி பணியாரம் எல்லாம் சேர்த்து 5,900. கேமராவோடு 32,400. முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டேன், தெரியும்.

நேற்று கேனானைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் கார்டில் இருந்த படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர் நாரை படத்தில் நின்றுவிட்டார். பெரிதாக்கி அலகைப் பார்த்தார். "சார், இதை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்களேன். பிரிண்ட் போட்டுக் கடையில ஒட்டிக்கிறேன், கேமரா ரெண்டு நாள்ல போயிடும்."

அப்படியென்றால் அந்த ஆயிரத்தைக் கழிக்காதீர்கள் என்றேன்.

"அனுப்புங்க சார், பாத்துக்கலாம்" என்றார்.