டர்ஹம்: குன்றின் மேல் பேராலயம், மண்ணுக்குக் கீழே நிலக்கரி

லண்டனிலிருந்து எடின்பரோவுக்குச் செல்லும் ரயில், ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, 1857இல் திறக்கப்பட்ட உயரமான ஒரு கல் பாலத்தின் மேல் மெல்ல ஊர்கிறது. கீழே ஓட்டுக் கூரைகள் நெருக்கமாகத் தெரிய, எதிரே மரங்கள் அடர்ந்த குன்றின் மேல் மூன்று கோபுரங்களோடு டர்ஹம் பேராலயம் எழுந்து நிற்கிறது. பலர் சன்னல் வழியே படம் எடுத்துக்கொண்டு ஸ்காட்லாந்துக்குப் போய்விடுகிறார்கள். இறங்குபவர்களிலும் பெரும்பாலோர் பேராலயத்தை மட்டும் சுற்றிவிட்டு மாலை வண்டியைப் பிடித்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் இந்த மாவட்டத்தை அப்படிப் பார்ப்பது பாதி பார்ப்பதுதான். குன்றின் மேலிருக்கும் கல்லையும், சுற்றியுள்ள கிராமங்களுக்கு அடியில் இருந்த கரியையும் சேர்த்துப் பார்த்தால்தான் டர்ஹம் யாருடைய ஊர் என்பது விளங்கும்.

பேராலயத்தின் கதை ஓர் இறந்த துறவியிலிருந்து தொடங்குகிறது. லிண்டிஸ்பார்ன் தீவின் ஆயராக இருந்த கத்பர்ட் 687இல் இறந்தார். கடல் வழியே வந்து கொள்ளையிட்ட வைக்கிங்குகளின் தாக்குதலுக்கு அஞ்சி 875இல் தீவை விட்டுப் புறப்பட்ட துறவிகள், அவருடைய உடல் இருந்த ஓக் மரப் பேழையையும் தங்களோடு எடுத்துக்கொண்டார்கள். ஊர் ஊராக அலைந்து, செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் என்ற ஊரில் நூறாண்டுக்கும் மேல் தங்கி, 995இல் அந்தச் சமூகத்தின் வழித்தோன்றல்கள் வியர் ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் இந்தக் குன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். காணாமல் போன பசுவைத் தேடிய ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து அவர்கள் இந்த இடத்தைக் கண்டுகொண்டார்கள் என்பது ஊர்க் கதை. பேராலயத்தின் வெளிச்சுவரில் அந்தப் பசுவுக்கும் ஒரு சிற்பம் இருக்கிறது. அந்தப் பேழையின் உடைந்த மரத் துண்டுகளையும், அதற்குள் கிடைத்த தங்கச் சிலுவையையும் துறவிகளின் பழைய சமையற்கூடத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டுகளில் கீறப்பட்டிருக்கும் தேவதூதர்களின் உருவங்கள் மிக எளிய கோடுகள்தாம். ஆனால் நான் அந்த மாவட்டத்தில் அதிக நேரம் நின்றது அவற்றின் முன்தான்.

இப்போதிருக்கும் கட்டடத்துக்கு 1093இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நாற்பதே ஆண்டுகளில், 1133இல், பெரும்பகுதி முடிந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் கண்ணை நிறுத்துபவை தூண்கள். ஒவ்வொரு பெருந்தூணின் சுற்றளவும் உயரமும் ஏறத்தாழ ஒரே அளவு, அதாவது 6.6 மீட்டர். ஒன்றில் சுருள் கோடுகள், அடுத்ததில் சாய்சதுரக் கட்டங்கள், இன்னொன்றில் மடிப்பு மடிப்பாக ஏறி இறங்கும் வளைவுகள் என்று ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கல் விலாக்கள் கூரையைத் தாங்குகின்றன. இவ்வளவு பெரிய அளவில் இந்த உத்தியைக் கையாண்ட முதல் கட்டடங்களுள் இதுவும் ஒன்று. பின்னாளில் ஐரோப்பா முழுவதும் எழுந்த கோதிக் பேராலயங்களுக்கு இது முன்னோடி. 1986இல் பிரிட்டனில் முதன்முதலாக உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவற்றுள் டர்ஹம் பேராலயமும் கோட்டையும் இடம்பெற்றதில் வியப்பில்லை.

கிழக்குக் கோடியில் கத்பர்ட்டின் கல்லறை இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது அதன் அலங்காரங்கள் எல்லாம் உடைக்கப்பட்டுவிட்டன. இன்று பெயர் மட்டும் பொறித்த ஒரு பலகைக் கல். மேற்குக் கோடியில், இங்கிலாந்தின் முதல் பெரும் வரலாற்றாசிரியரான பீட் அடிகளார் துயில்கிறார். பேராலயத்துக்குள் ஃப்ராஸ்டர்லி என்ற பக்கத்து ஊரிலிருந்து வந்த கறுப்புக் கல்லைக் கவனித்துப் பார்க்க வேண்டும். மெருகேற்றிய அந்தச் சுண்ணக்கல் தூண்களில் முகத்தை அருகே கொண்டுபோனால், நறுக்கிய வாழைத்தண்டு போல வெள்ளை வட்டங்களும் நார்களும் தெரியும். அவை முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த பவளங்கள். அதே கறுப்புக் கல்லில் தரையின் குறுக்கே பதித்த ஒரு கோடும் உண்டு. துறவிகளின் காலத்தில் பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டி வர அனுமதி இல்லை.

எதிரே இருக்கும் கோட்டையில் வாழ்ந்த ஆயர்கள் சாதாரண ஆயர்கள் அல்லர். ஸ்காட்லாந்து எல்லையைக் காப்பதற்காக, இங்கிலாந்து மன்னர்கள் அவர்களுக்குப் படை திரட்டவும், நாணயம் அடிக்கவும், நீதிமன்றம் நடத்தவும் உரிமை தந்திருந்தார்கள். 1836இல்தான் அந்த அதிகாரம் முற்றிலும் முடிவுக்கு வந்தது. கோட்டை அதன் பின் பல்கலைக்கழக மாணவர்களின் விடுதியாயிற்று. இன்றும் அங்கே மாணவர்கள் தங்குகிறார்கள். இந்த அழகான முற்றத்துக்கு ஒரு கொடிய பக்கமும் இருக்கிறது. 1650இல் டன்பார் போரில் ஆங்கிலத் தளபதி கிராம்வெல் சிறைபிடித்த ஸ்காட்லாந்து வீரர்கள் சுமார் 3,000 பேரைப் பேராலயத்துக்குள் அடைத்தார்கள். பசியாலும் நோயாலும் ஏறக்குறைய 1,700 பேர் இறந்தார்கள். அவர்களுள் சிலருடைய எலும்புகள் 2013இல்தான் அருகே கட்டட வேலையின்போது கிடைத்தன.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு வெளியேறுமுன், தென்புறப் பக்கவழியில் இருக்கும் ஒரு மர நினைவுச் சின்னத்தைத் தவறவிடக் கூடாது. அருகே ஒரு சுரங்க விளக்கு தொங்குகிறது. இந்த மாவட்டத்தின் நிலக்கரிக் குழிகளில் உயிர்விட்ட தொழிலாளர்களையும், இன்றும் இருளிலும் ஆபத்திலும் உழைப்பவர்களையும் நினைவுகூருமாறு அதன் வாசகம் கேட்கிறது. அதை வைத்த 1947இல் குழிகள் இயங்கிக்கொண்டிருந்தன. டர்ஹத்தின் மறுபாதி அங்கிருந்து தொடங்குகிறது.

நிலக்கரி இந்த மாவட்டத்துக்கு முதலில் தந்தது தண்டவாளம். மரத் தண்டவாளங்களில் குதிரைகள் இழுத்த கரி வண்டிகளை டைன் ஆற்றுக்குக் கொண்டுசெல்ல 1725-26இல் கட்டிய காஸி வளைவு இன்றும் ஓர் ஓடைப் பள்ளத்தாக்கின் மேல் ஒற்றைக் கல் வளைவாக நிற்கிறது; உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் பாலம் அதுதான். அதற்கு நூறாண்டுக்குப் பின், 1825 செப்டம்பர் 27 அன்று, ஜார்ஜ் ஸ்டீவன்சன் ஓட்டிய ‘லோகோமோஷன்’ நீராவி எஞ்சின் ஷில்டனிலிருந்து டார்லிங்டன் வழியாக ஸ்டாக்டனுக்குக் கரியையும் நூற்றுக்கணக்கான மனிதர்களையும் இழுத்துச் சென்றது. பொதுமக்களுக்கான நீராவி ரயில் வரலாற்றின் அந்த முதல் நாளை ஷில்டனில் உள்ள ரயில்வே அருங்காட்சியகத்தில் விரிவாகத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் கரியின் விலையை எந்த எஞ்சினும் சொல்லாது. 1909இல் வெஸ்ட் ஸ்டான்லி சுரங்க வெடிப்பில் ஆண்களும் சிறுவர்களுமாக 168 பேர் இறந்தார்கள். 1951 மே 29 அன்று ஈசிங்டனில், கரி வெட்டும் இயந்திரத்தின் பற்கள் கல்லில் உரசியெழுந்த பொறி வாயுவைப் பற்றவைத்தது. மீட்கப் போன இருவரையும் சேர்த்து 83 பேர் மாண்டார்கள். அதே ஆண்டு மாவட்ட நிர்வாகம் வகுத்த வளர்ச்சித் திட்டம், நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களை ‘டி’ பிரிவில் சேர்த்து, அவற்றில் இனிப் புது முதலீடு இல்லை என்றது. குழி மூடினால் ஊரும் மறையட்டும் என்பதே அதன் பொருள். ஒரு தலைமுறை தன் முதுகெலும்பைத் தேய்த்து உண்டாக்கிய ஊர்களை வரைபடத்தில் ஓர் எழுத்தால் தீர்த்துக்கட்ட நினைத்ததை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. பல ஊர்கள் போராடிப் பிழைத்தன.

அந்தப் பிடிவாதத்தை நேரில் காண, ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமையில் நடக்கும் சுரங்கத் தொழிலாளர் பெருவிழாவுக்குப் போக வேண்டும். முதல் விழா 1871இல் நடந்தது. ஒவ்வொரு கிராமமும் தன் சங்கத்தின் பட்டுப் பதாகையை இரு கம்புகளில் உயர்த்தி, பேண்டு வாத்தியக் குழு முன்னே செல்ல, குறுகிய தெருக்கள் வழியாக ஆற்றோர மைதானத்தை நோக்கி நடக்கிறது. காற்றடித்தால் பதாகை சாய்ந்துவிடாமல் இருக்க முன்னும் பின்னும் கயிறு பிடித்தபடி நான்கு பேர் வருகிறார்கள். அந்த ஆண்டில் குழியில் மரணம் நேர்ந்த கிராமம் தன் பதாகையில் கறுப்புத் துணி கட்டி வருவது மரபாக இருந்தது. மாவட்டத்தின் கடைசிக் குழிகள் 1993இல் மூடப்பட்ட பிறகும் ஊர்வலம் நிற்கவில்லை. புதிதாகத் தைத்த பதாகைகளைப் பிற்பகலில் பேராலயத்துக்குள் எடுத்துச் சென்று ஆசீர்வாதம் பெறுகிறார்கள்.

ஈசிங்டன் கடற்கரைக்கும் போய் வாருங்கள். குழிக் கழிவுகளை நேரே கடலில் கொட்டியதால் ஒரு காலத்தில் கறுத்துக் கிடந்த அந்தக் கரை, 1997க்கும் 2002க்கும் இடையே பெரும் செலவில் தூய்மையாக்கப்பட்டது. மேட்டில் தொழிலாளர்களைக் கீழே இறக்கிய கூண்டு ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். விழா நாளில் டர்ஹத்தில் அறை கிடைப்பது கடினம் என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். பேராலயத்துக்கு ஒரு முழு நாளும், கிராமங்களுக்கு இன்னொரு முழு நாளும் ஒதுக்குங்கள்.