உள்ளிருந்து எரிந்த வீடுகள்

வட ஈராக்கின் நினிவே சமவெளியில், 2017க்குப் பிறகு நடந்த வீட்டுச் சீரமைப்புப் பணியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கட்டுமானப் பொறியாளராக இருந்தேன். சேதமான வீடுகளைப் பார்வையிட்டு, வகைப்படுத்தி, செலவு மதிப்பீடு தயாரிப்பது என் வேலை. முற்றிலும் இடிந்தது, எரிந்தது, ஓரளவு சேதமானது என மூன்றே வகைகள். அந்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை, நான் அதுவரை படித்திருந்த செய்திகளைவிட அந்த இரண்டாவது வகைதான் எனக்குத் தெளிவாகக் காட்டியது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 ஜூன் 10 அன்று மோசுல் நகரம் ஐ.எஸ். எனப்படும் ‘இஸ்லாமிய அரசு’ அமைப்பிடம் வீழ்ந்தது. அடுத்த மாதம், மதம் மாறு, முஸ்லிம் அல்லாதோர் மீதான ஜிஸ்யா வரியைக் கட்டு, அல்லது வெளியேறு, மறுத்தால் வாள் என்று அங்கிருந்த கிறிஸ்தவர்களுக்கு ஜூலை 19 நண்பகல் வரை கெடு விதித்தார்கள். அவர்கள் வீட்டுச் சுவர்களில், நஸ்ரானி, அதாவது கிறிஸ்தவர், என்பதைக் குறிக்கும் ‘நூன்’ என்ற அரபு எழுத்தை எழுதி, இது இஸ்லாமிய அரசின் சொத்து என்றும் எழுதி வைத்தார்கள். ஆகஸ்ட் 6 இரவு குர்து பெஷ்மெர்கா படையினர் பின்வாங்கவே, சுமார் 50,000 பேர் வாழ்ந்த கிறிஸ்தவ நகரமான கரகோஷ் ஒரே இரவில் காலியானது. சுற்றுப்பட்ட ஊர்களையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எர்பிலை அடுத்த அன்காவாவின் தேவாலய முற்றங்களிலும், கட்டி முடிக்கப்படாத வணிக வளாகத்திலும், பிறகு ‘கேரவன்’ எனப்படும் தகர அறைகளிலும் தங்கினார்கள்.

இது 2014இல் தொடங்கியதன்று. மோசுலின் கல்தேயப் பேராயர் பவுலோஸ் ஃபராஜ் ரஹ்ஹோ 2008இல் கடத்தப்பட்டுப் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். 2010 அக்டோபர் 31 அன்று பாக்தாத்தின் மீட்பின் அன்னை தேவாலயத்தில் திருப்பலியின்போது நடந்த தாக்குதலில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2003க்கு முன் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்ததாகக் கணிக்கப்படும் அச்சமூகம் இன்று சில லட்சமாகச் சுருங்கிவிட்டது.

போரில் சிக்கிய வீட்டுக்கும் வேண்டுமென்றே கொளுத்தப்பட்ட வீட்டுக்கும் உள்ள வேறுபாடு, கட்டடம் அறிந்த எவருக்கும் வாசலிலேயே தெரிந்துவிடும். வான்வழித் தாக்குதலும் தரைச் சண்டையும் கடுமையாக நடந்த பத்னாயா என்ற ஊரில் கூரைத் தளமே சரிந்து கிடந்தது. சேதம் வெளியிலிருந்து உள்ளே போயிருந்தது. கரகோஷில் நான் பார்த்த பல வீடுகளில் வெளிச்சுவர் நின்றது, அதன் மேல் பதித்த மோசுல் பளிங்குகூடப் பெயரவில்லை. உள்ளே போனால் ஒவ்வோர் அறையிலும் தீ தனித்தனியாக வைக்கப்பட்டிருந்தது. இடையிலுள்ள நடையில் கரி மட்டும் படிந்திருக்க, படுக்கையறைக் கூரைத் தளத்தின் பூச்சு முழுவதும் உதிர்ந்து கம்பி தெரியும். பழைய வீடுகளின் கூரை, இரும்பு விட்டங்களுக்கு இடையே செங்கல்லைச் சிறு வளைவாக அடுக்கிக் கட்டியது. சூட்டில் விட்டம் தொய்ந்தால் செங்கல் வரிசை மொத்தமும் தொங்கும். கான்கிரீட் தளமானால் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்டால், அந்த இடத்தைக் கொத்தி உள்ளே இளஞ்சிவப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். சுமார் 300 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறியதன் அடையாளம் அது. இப்படி அறை அறையாகக் கொளுத்துவது ஆத்திரத்தில் நடக்கும் செயலன்று. உரிமையாளர் திரும்பி வரவே கூடாது என்று திட்டமிட்டுச் செய்த வேலை.

எங்கள் குழுவின் கொத்தனார்களில் பாதிப்பேர் மோசுலைச் சேர்ந்த முஸ்லிம்கள். அவர்களில் சிலருடைய வீடுகளே மண்மேடாகிக் கிடந்தன. ஐ.எஸ். ஆட்சியில் சுன்னி முஸ்லிம்களும் ஷபக் சிறுபான்மையினரும் பட்ட துன்பத்தையும், சிஞ்சாரில் யசீதி மதத்தினருக்கு நேர்ந்த பேரழிவையும் ஒதுக்கிவிட்டு கிறிஸ்தவர்களின் கதையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. சென்னைக்காரன் என்றதும் அங்குள்ள முதியவர்கள் என்னிடம் ‘மார் தோமா’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். புனித தோமாவின் எலும்புகள் என்று அவர்கள் நம்பும் எச்சங்கள் 1964இல் மோசுலின் மார் தோமா தேவாலயத்தில் கண்டெடுக்கப்பட்டு, 2014இல் அல்ஃபாஃப் மலையிலுள்ள மார் மத்தாய் மடத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. மயிலாப்பூரோடு உறவு கொண்டாட அவர்களுக்கு அது போதும்.

கரகோஷில் ஒரு மூதாட்டி, நான் அளவெடுத்து முடிக்கும்வரை, வீட்டின் உரிமைச் சான்றான ‘தாபு’ பத்திரத்தை நெகிழி உறைக்குள் வைத்து இரு கைகளாலும் பிடித்தபடி நின்றிருந்தார். பிறகு என்னை ‘முஹந்திஸ்’, அதாவது பொறியாளர், என்று அழைத்துக் கேட்டார்: “முஹந்திஸ், சுவரை நீங்கள் பூசிக் கொடுத்துவிடுவீர்கள். பக்கத்து வீட்டில் யார் இருப்பார்கள்? இரவில் தெருமுனையில் துப்பாக்கியோடு நிற்பவன் எந்த ஊர்க்காரன்?” என் படிவத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

சுவருக்குப் பணம் வந்தது. தெல்ஸ்கோஃப் ஊரின் சீரமைப்புக்கு ஹங்கேரி அரசு பணம் கொடுத்தது. மற்ற ஊர்களுக்குத் திருச்சபைகளும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உதவின. ஆனால் பாதுகாப்பும் சட்டமும் பணத்தால் வருவன அல்ல. ஐ.எஸ். போனபின் சமவெளியில் வெவ்வேறு ஆயுதக் குழுக்கள் சோதனைச் சாவடி போட்டன. ஊரில் இல்லாதவர்களின் வீடுகளும் நிலங்களும் போலிப் பத்திரங்களால் கைமாறிய புகார்கள் மோசுலிலும் பாக்தாத்திலும் நிறைய உண்டு. 2021இல் ஷியா தலைவர் முக்ததா அல்-சத்ர் அத்தகைய சொத்துகளை மீட்க ஒரு குழுவையே அமைத்தார். 2015ஆம் ஆண்டின் தேசிய அடையாள அட்டைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பெற்றோரில் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால் வயது வராத பிள்ளைகளையும் முஸ்லிம்களாகவே பதிய வைக்கிறது. தீ வைத்தவர்கள் தோற்றுப் போனார்கள். இந்தப் பிரிவு தோற்கவில்லை.

நாங்கள் முடித்துக் கொடுத்த வீடுகளில் பல பூட்டியே கிடந்தன. உரிமையாளர்கள் ஆஸ்திரேலியாவிலோ சுவீடனிலோ இருந்தார்கள். அறிக்கையில் அவையும் ‘முடிந்த வீடுகள்’. உண்மையில் யார் குடியேறினார்கள் என்று அறிய, தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர் நடத்துபவரிடம் கேட்கத் தொடங்கினேன். அரசு மின்சாரம் சில மணி நேரமே வரும் அவ்வூர்களில், வீட்டுக்கு இத்தனை ஆம்பியர் என்று மாதச் சந்தா கட்டித்தான் விளக்கெரிய வேண்டும். ஆளில்லாத வீட்டுக்கு எவரும் சந்தா கட்டுவதில்லை. அவருடைய நோட்டை என் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: சாவடியில் உள்ளூர்ப் பையன்கள் நின்ற தெருக்களில் சந்தாக்கள் கூடிக்கொண்டே போயின, வெளியூர்க் குழு நின்ற தெருக்களில், அதே செலவில், அதே கொத்தனார்கள் பூசிய வீடுகள் நோட்டில் ஏறவே இல்லை.