முப்பது பேர் தேவைப்படும் நாடகம்

முதுகலைப் படிப்பின் இறுதி ஆண்டில், எங்கள் நாடகத் துறையும் ஒரு தொழில்முறை நாடக அரங்கமும் சேர்ந்து நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயின்காவின் 'டெத் அண்ட் த கிங்ஸ் ஹார்ஸ்மேன்' நாடகத்தை மேடையேற்றியபோது, மேடை மேலாளரின் உதவியாளராக நான் பணியாற்றினேன். இத்தகைய கூட்டு முயற்சி என்றாலே, மாணவர்கள் தேர்ந்த கலைஞர்களிடம் தொழில் கற்கிறார்கள் என்றுதான் பேசுவார்கள். அது பாதி உண்மை. இந்த நாடகத்தைப் பொறுத்தவரை, அரங்கத்தால் நாங்கள் இல்லாமல் ஒரு காட்சியைக்கூட நடத்தியிருக்க முடியாது.

நைஜீரியாவின் ஓயோ நகரில் 1946-இல் நடந்ததாக அவரே சொல்லும் ஒரு நிகழ்ச்சியை, அதற்குச் சற்று முந்தைய உலகப் போர்க் காலத்தில் நடப்பதாக மாற்றி சோயின்கா எழுதியது இது. மன்னர் இறந்து முப்பது நாள் கழித்து, அவருடைய குதிரைவீரனான எலெசின் தானும் உயிர்துறந்து அவரைப் பின்தொடர வேண்டும் என்பது மரபு. ஆங்கிலேய மாவட்ட அதிகாரி பில்கிங்ஸ் அவனைக் கைது செய்து அதைத் தடுத்துவிட, இங்கிலாந்தில் மருத்துவம் படிக்கப் போய்த் திரும்பிய மகன் ஒலுண்டே தந்தைக்கு மாற்றாகத் தன்னுயிரைக் கொடுக்கிறான். எலெசினோ சாவை நோக்கி நடக்கும் வழியில் புதிதாக ஒரு பெண்ணை மணக்கக் கேட்கும் அளவுக்கு வாழ்க்கையின் சுவையை அறிந்தவன். அந்த வேடத்தை நரைத்தாடி ஒட்டிய இருபத்திரண்டு வயது மாணவனிடம் கொடுத்தால் நாடகமே கேலிக்கூத்தாகிவிடும். மறுபக்கம், சந்தைப் பெண்கள், இளம்பெண்கள், முரசு கொட்டுவோர், ஆடுவோர், ஆங்கிலேயரின் விருந்துக்கு வருவோர் என்று மேடைக்குக் குறைந்தது முப்பது பேராவது வேண்டும். அத்தனை பேருக்கும் பல வாரங்கள் சம்பளம் கொடுக்க எங்களோடு சேர்ந்த அரங்கத்தால் முடியாது. அவர்களிடம் எலெசின் இருந்தான், எங்களிடம் சந்தை இருந்தது.

நைஜீரியாவிலேயே இதற்கு முன்னோடி உண்டு. 1963-இல் இபாடான் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி, ஊர் ஊராகச் சென்று நாடகம் போட்டுவந்த கோலா ஒகுன்மோலாவின் குழுவோடு சேர்ந்து, அமோஸ் டுட்டுவோலாவின் நாவலொன்றை யோருபா மொழியில் மேடையேற்றியது. அங்கே பல்கலைக்கழகம்தான் தொழில்முறைக் குழுவைத் தேடிச் சென்றது. சோயின்காவும் நாங்கள் மேடையேற்றிய இதே நாடகத்தை 1976-இல் இஃபே பல்கலைக்கழகத்தில் தாமே இயக்கியிருக்கிறார்.

தொழில்முறை நடிகர்கள் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்பவர்கள். ஆறு மணிக்கு ஒத்திகை முடியும் என்றால் ஆறுக்கு முடிந்தாக வேண்டும். நாங்கள் தாமதமாக வந்து நள்ளிரவு வரை இருப்பவர்கள். மூன்றாம் காட்சியில், எலெசினைத் தேடிவரும் காவலன் அமூசாவைச் சந்தைப் பெண்கள் விரட்ட, இளம்பெண்கள் ஆங்கிலேயரின் பேச்சையும் நடையையும் நடித்துக்காட்டி அவனைத் திணறடிக்கும் இடம் இரண்டு வாரமாக எழவே இல்லை. ஒவ்வொருத்தியும் தன் வசனத்துக்குத் தனியாகச் சிரிப்பு வாங்கப் பார்த்தாள். ஒருநாள் நேரம் முடிந்த பிறகும், அமூசாவாக நடித்த மூத்த நடிகர் விதியை மீறி அங்கேயே உட்கார்ந்துகொண்டார். ஒருவர் வசனத்தின் கடைசிச் சொல் விழும் முன்பே அடுத்தவர் அதைப் பிடித்துக்கொள்ளும்படி ஒரு மணி நேரம் பயிற்சி நடந்தது. அதன் பிறகு அந்தக் காட்சிக்கு யாரும் சிரிப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. விளக்குகளை அணைக்க வேண்டிய என் மேலாளர் பாதியை மட்டும் அணைத்துவிட்டு எதையும் பார்க்காதவர்போல நின்றிருந்தார்.

முரசு கற்பிக்க வந்தவர் யோருபாக்காரர். யோருபா மொழியில் மேல், நடு, கீழ் என்று மூன்று தொனிகள் சொல்லின் பொருளையே மாற்றுகின்றன. துந்துன் முரசின் வார்களை அழுத்தித் தளர்த்தி அந்தத் தொனிகளை எழுப்பினால் முரசே பேசுகிறது. உடுக்கை அறிந்த எனக்கு அழுத்தும் விதம் புதிதாகத் தெரியவில்லை, ஆனால் வாக்கியத்தைச் சொல்லத் தெரியாதவன் அதைக் கொட்டக் கூடாது என்ற அவருடைய கண்டிப்பு புதிது. பறிமுதல் செய்யப்பட்ட எகுங்குன் உடையை, மூதாதையரின் ஆவிக்கு உரிய அந்த உடையை, பில்கிங்ஸும் அவர் மனைவியும் மாறுவேட விருந்துக்கு அணிந்துகொள்வது நாடகத்தில் வருகிறது. தையலறையிலிருந்து வந்த நகலை நாங்கள் போட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது முரசு ஆசிரியர் உள்ளே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, வெளியே போய்விட்டார். மறுநாள் முதல் அதைத் தனிப் பெட்டியில் மூடிவைத்து, உரிய இருவரைத் தவிர யாரும் தொடுவதில்லை என்று நாங்களே முடிவு செய்தோம்.

இடைவேளை விஷயத்தில் மட்டும் தோற்றோம். இடைவேளையின்றி நடத்த வேண்டும் என்று சோயின்கா நாடக நூலிலேயே குறித்திருக்கிறார். அரங்க நிர்வாகமோ, சிற்றுண்டி விற்பனையை நினைத்தோ என்னவோ, இருபது நிமிடம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தது. எலெசின் தன்னை மறந்து ஆடும் மூன்றாம் காட்சியின் முடிவில் திரை விழும், விளக்கு எரியும், எல்லாம் ஆறிப்போகும். இரண்டாம் நாள் முதல், முரசடித்த மாணவர்கள் திரை விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. இருபது நிமிடமும் திரைக்குப் பின்னால் மெல்லிய ஓசையில் அதே வாக்கியத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். நிறுத்தச் சொல்ல வேண்டியது என் வேலை. நான் என் மேலாளரின் முகத்தைப் பார்த்தேன், அவர் தம் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.