பின்னாடி கதவு வச்ச கப்பல்

காலைல டீ குடிச்சிட்டே ஒரு வீடியோ பாத்தேன். கப்பலோட பின்பக்கம் திறக்குது, சரிவுல நிக்கிற படகு அப்படியே வழுக்கிட்டுப் போய் கடல்ல இறங்குது.

கிரேன் வேண்டாம். அஞ்சு நிமிஷத்துக்குள்ள கமாண்டோக்கள் கெளம்பிடலாம்!

வீடியோல இருந்தது பிரெஞ்சு ரோந்துக் கப்பல் லாட்ருவா. 87 மீட்டர் நீளம். கடற்படை ஆர்டர் குடுத்துக் கட்டினது இல்ல, டிசிஎன்எஸ்ங்கிற பிரெஞ்சு கப்பல் கட்டுற கம்பெனி சொந்தக் காசுல பிரான்ஸ்ல இருக்கிற லோரியான்ல கட்டி, 2011ல கடற்படைக்கே ஓட்டிப் பாக்கக் குடுத்துச்சு. மூணு வருஷம்னு பேசினது 2018 வரைக்கும் நீண்டுச்சு.

பிரிட்ஜ்ல, அதாவது கப்பலை ஓட்டுற அறையில நின்னா சுத்தி 360 டிகிரியும் கடல் தெரியும், மேல ஒரே ஒரு மாஸ்ட் (கம்பம்), அதனால ரேடாரை மறைக்க எதுவுமில்ல. பெரிய பீரங்கி கெடையாது, ஓட்ட முப்பது சொச்சம் பேர் போதும், அதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, கடற்கொள்ளைக்காரனையும் திருட்டு மீன்பிடியையும் தடுக்க ஏவுகணை எதுக்குங்க, நல்ல கண்ணும் வேகமான படகும்தான வேணும்.

சோமாலியா பக்கம் கொள்ளைத் தடுப்புக்கும் போச்சு.

அப்புறம் அர்ஜென்டினா வாங்கிடுச்சு. பிரான்ஸ்ல பொறந்து அர்ஜென்டினாவுக்காகச் சண்டை போட்ட மாலுமி பூஷார் பேரையே வச்சாங்க, எவ்ளோ பொருத்தம்! 2020ல போய்ச் சேந்த கொஞ்ச மாசத்துலயே திருட்டுத்தனமா மீன் பிடிச்ச சீனக் கப்பலை மடக்கிடுச்சு.

இதே வகைக் கப்பல் இன்னும் மூணு அர்ஜென்டினாக்காரங்க புதுசா கட்டி வாங்கியிருக்காங்க.